தீப்பெட்டி ஏஜெண்டு கடைந்த நெருப்பு

அருப்புக்கோட்டையில் மூணு குடம் மார்க் தீப்பெட்டிக்கு ஏஜெண்டு பொன்ராஜ். திருச்சுழி வரை பாதி அடுப்புகள் அவர் கடைக் குச்சியில்தான் எரிந்தன. அப்படிப்பட்டவருக்கு அறுபத்தேழாம் வருஷம் மாசி மாதம், குச்சியே இல்லாமல் நெருப்பு உண்டாக்கும் ஆசை வந்தது.

காரணம் ஒரு புத்தகம். அவர் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய தாளோடு வந்தது. காட்டில் ஒன்றுமில்லாமல் பிழைப்பது எப்படி என்று வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியது. முக்கால்வாசிப் பக்கங்கள் கடுகோடும் சீரகத்தோடும் போய்விட்டன. நெருப்புக் கடையும் பக்கம் மட்டும் படத்தோடு தப்பியது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு பாளையம்பட்டி தாண்டிக் கருவேலங்காட்டுக்கு நடந்தார். வீட்டிலிருந்து மூன்று மைல்தான்.

"வரும்போது வெறகாச்சும் கொண்டாங்க" என்பாள் அவர் மனைவி கஸ்தூரி.

கடைவதன் சூட்சுமம் எளிது. பலகையில் ஒரு சிறு குழி. குழியின் ஓரத்தில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. குழியில் கம்பை நிறுத்தி, வில்லின் கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, தலையைச் சிரட்டையால் அழுத்திக்கொண்டு வில்லை இழுத்தால், கம்பு தயிர் மத்துப்போல் சுழலும். உதிரும் கறுப்புத் தூள் வெட்டில் குவியும். சூடு கலையாமல் குவிந்தால் அந்தத் தூளில்தான் கங்கு பிறக்கும், கட்டையில் அல்ல. இது புரிய பொன்ராஜுக்கு நான்கு ஞாயிறு ஆயிற்று. அதுவரை கருவேலங்கட்டையைக் கடைந்தார். கெட்டி மரம் தூள் தராது. பளபளப்பும் கிறீச்சென்ற சத்தமும்தான் தரும்.

நாலாவது வாரம் அந்தச் சத்தம் கேட்டு ஆடு மேய்த்த கருத்தம்மாள் வந்தாள்.

"என்ன மொதலாளி, கட்டையோட மல்லுக்கட்டுறீக?"

"நெருப்பு உண்டாக்குறேன்."

"ஏன், ஒங்க கடைக் குச்சி நமுத்துப் போச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு. இது சும்மா பழக்கத்துக்கு."

"நல்லாருந்தா எதுக்கு இந்தப் பாடு?"

பொன்ராஜ் பொறுமையாக விளக்கினார். அவளும் பொறுமையாகக் கேட்டு, ஊருக்குள் போய்த் தனக்குப் புரிந்ததைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை செய்தி பஸ் ஏறித் திருச்சுழி போயிற்று: ஏஜெண்டே தன் தீப்பெட்டியை நம்புவதில்லை.

வியாழக்கிழமை திருச்சுழி மளிகைக்கடை பால்ச்சாமி வந்தார். "அண்ணாச்சி, இந்த வாரம் மூணு குடம் வேண்டாம். சனங்க பெட்டியத் தொடமாட்டேங்குது."

பொன்ராஜ் ஒரு குச்சியை உரசினார். பற்றியது.

"பத்துது, இல்லேங்கல. பெறகு நீங்க ஏன் கட்டையக் கடையிறீக?"

சனிக்கிழமை கம்பெனிக் கடிதம் வந்தது. மேனேஜர் வீரபத்திரன் ஞாயிறு மாலை நேரில் வருகிறார். கேள்விப்பட்டது உண்மையானால் ஏஜென்சி வேறு ஆளுக்கு.

"நாளைக்கு ஒரு நா வீட்டுல இருங்க" என்றாள் கஸ்தூரி.

இருந்திருப்பார். ஆனால் காய்ந்த எருக்கங்கம்பும் முருங்கைப் பலகையும் அந்த வாரம்தான் கிடைத்திருந்தன. இரண்டும் மென்மையானவை. "சாயங்காலம்தான வாராரு" என்று விடியுமுன் கிளம்பிவிட்டார்.

மதியம் தூள் புகைந்தது. வில்லை நிறுத்தியும் புகை நிற்கவில்லை. மிளகளவு ஒரு சிவப்பு! பொன்ராஜின் கண் கலங்கியபோது வண்டிப்பாதையில் குரல் கேட்டது. மேனேஜர் முன்கூட்டியே வந்திருந்தார். "அவுக காட்டுக்குப் போயிருக்காக" என்று கஸ்தூரி உள்ளதைச் சொல்லியிருந்தாள்.

பொன்ராஜ் வேட்டியை விரித்துக் கங்கின் மேல் உட்கார்ந்தார்.

"கட்டையக் கடையிறீகளாமே?"

"ஆமா சார். அஞ்சு வாரமாக் கடையிறேன், ஒரு பொறி வரல. நம்ம குச்சிக்கு ஈடு எதுவுமில்லன்னு சனங்களுக்குக் காட்டத்தான்."

வீரபத்திரனின் முகம் மலர்ந்தது. "அடடா! இத நோட்டீசாவே போடலாம்." மகிழ்ச்சியில் ஒரு சிகரெட்டை எடுத்து, தன் பையிலிருந்த மூணு குடத்தை உரசினார். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதன் மருந்து உதிர்ந்தது. மூன்றாவது பங்குனிக் காற்றில் அணைந்தது.

கங்குக்குப் பருத்தித் துணியைப்போல் பிடித்த தீனி வேறில்லை. "ஆத்தாடி!" என்று பொன்ராஜ் துள்ளி எழுந்தார். வேட்டியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கனன்றது.

மேனேஜர் ஓட்டையைப் பார்த்தார். தன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். குனிந்து, வேட்டி ஓரத்தில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

"நோட்டீசு அடுத்த வாரம் வந்துரும்" என்றார்.

வந்தது. 'ஐந்து வாரம் கடைந்தும் வராத நெருப்பு, ஒரே உரசலில்!' என்று பொன்ராஜின் பெயரோடு திருச்சுழி வரை ஒட்டினார்கள். சரக்கு பறந்தது. நெருப்பு வந்ததற்கு ஒரே சாட்சியான வேட்டியைக் கஸ்தூரி கிழித்துக் கரித்துணி ஆக்கியிருந்தாள்.

கடைக்கு வந்த கருத்தம்மாள் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு ஆறுதலாகச் சொன்னாள்: "விடுங்க மொதலாளி. எல்லாத்துக்கும் ஒரு கைப்பக்குவம் வேணும்ல."