முதலாளியின் கொழுப்பு

பொதியர்களைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவர்களுக்கு மூன்று இதயம், மூன்றிலும் ஈரம் கிடையாது என்பார்கள். சுத்தப் பொய். இதயம் ஒன்றுதான், அதுவும் அடிவயிற்றில் இருக்கிறது. இதெல்லாம் கரண்டிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பதினோரு வருடமாக ஒரு பொதிய முதலாளியின் தோலைச் சுரண்டிக்கொண்டிருப்பவள் அவள். வளைந்த எலும்புக் கரண்டியும் கையுமாகவே திரிவதால், வேலை செய்யும் இடத்தில் அதுவே பெயராகிவிட்டது.

அவர்கள் இங்கே வந்து நாற்பது வருடம் ஆகிறது. அவர்கள் விட்டு வந்த கிரகம் முழுக்கச் சேறாம். எப்போதோ ஒருமுறைதான் அங்கே தின்ன எதுவும் கிடைக்கும். கிடைத்ததைச் சேற்றில் புதைத்து வைத்து, அடுத்த முறை வரைக்கும் ஓட்ட வேண்டும். புதைத்த இடம் மறந்துபோனால் பட்டினிச் சாவு. அடுத்தவன் புதைத்தது கண்ணில் பட்டால் அன்றைக்கு விருந்து. லட்சம் வருடம் இப்படியே பிழைத்த இனம் வேறு எப்படி இருக்கும்? எதையும் எழுதி வைக்காது, யாரிடமும் வாய் திறக்காது, அகப்பட்டதையெல்லாம் தூக்கி ஒளித்து வைக்கும். இங்கே வந்ததும் கடத்தலும் ஆள் தூக்குவதும் அவர்களுக்குச் சட்டென்று கைவந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. போலீஸ் எத்தனை முறை சோதனை போட்டாலும் ஒரு துண்டுக் காகிதம் சிக்காது. எல்லாம் முதலாளிகளின் உடம்பிலேயே இருக்கும்.

உடம்பில் என்றால் நிஜமாகவே உடம்பில்தான். பொதியரின் நினைவு மண்டைக்குள் இல்லை. தோலுக்கு அடியில், கொழுப்பில், அடுக்கடுக்காகப் படிகிறது. பழையதெல்லாம் உள்ளே, புதியதெல்லாம் முதுகின் மேல்பக்கம். ஒரு மாதத்து நினைவு ஒரு நகத்தின் கனம் இருக்கும். அவர்கள் மூச்சு விடுவதும் தோல் வழியாகத்தான் என்பதால், செத்த தோலை மாதம் ஒருமுறை சுரண்டி எடுத்தாக வேண்டும். அப்போது கூடவே துளி கொழுப்பு வரும், முதலாளிக்கு அன்றைய காலை மட்டும் மறந்துபோகும். அந்தத் துளியை இன்னொரு பொதியர் தின்றால் நினைவு அவருக்குப் போய்விடும். அதனால்தான் இந்த வேலைக்குத் தங்கள் இனத்தாரை நம்பாமல் மனிதரை வைக்கிறார்கள். நாம் தின்றால் வாந்திதான் வரும். அப்படியும் சந்தேகம் விடாது. சுரண்டியதை அங்கேயே, அப்போதே, சுரண்டிய கையாலேயே அடுப்பில் போட்டு எரித்துவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளவே அடுப்புக்காரர் என்று ஓர் ஆள் உண்டு.

கரண்டியின் தம்பி அதே முதலாளியிடம் லாரி ஓட்டினான். வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான், பாவி. தம்பி தங்கமானவன், ஆனால் கை சும்மா இருக்காது. ஏற்றிவிட்ட பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டான். திருடவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். பொதியருக்கு அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கொல்வது அவர்கள் வழக்கமில்லை என்பதால் முதலாளி அவனைக் காற்றடைத்த பெட்டியில் போட்டு இழுத்துப்போய் உயிரோடு புதைத்து வைத்துவிட்டார். ஊருக்கு அடியில் எங்கேயோ ஓர் அறை. மூன்று நாளைக்கு ஒருமுறை அவரே சேற்றுச் சுரங்கத்தில் நீந்திப் போய் ரொட்டியும் தண்ணீரும் வைத்துவிட்டு வருவார். பின்னால் போய்ப் பார்க்கலாமென்றால் மனிதருக்கு அந்தச் சேற்றில் ஐந்து நிமிடம் மூச்சு தாங்காது. அடியாட்களுக்கும் இடம் தெரியாது.

பத்தொன்பது நாள் ஆயிற்று. அம்மா தினமும் மகனுடைய தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவன் சாப்பிடாத தட்டைக் கழுவுவானேன் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளேன், கேளேன் என்று அம்மா அரித்தெடுத்தாள். கரண்டியும் கேட்டாள். காலில் விழலாமென்றால் பொதியருக்குக் கால் ஏது? அந்தப் பெரிய வயிற்றின் முன்னால் தரையில் விழுந்து அழுதாள். பார்க்கலாம் என்றார். அடுத்த நாளும் பார்க்கலாம் என்றார்.

அப்போதுதான் அவளுக்குச் சமையல்காரர் ஞாபகம் வந்தது. போன வருடம் அவர் என்னவோ எதிர்த்துப் பேசிவிட, முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து அவள் கரண்டி வழுக்கிக் கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. எழுந்தவர் சமையல்காரரைப் பார்த்து, சாப்பாடு ஆயிற்றா என்று சாதாரணமாகக் கேட்டார். கோபம் கொழுப்போடு போய்விட்டிருந்தது. தம்பி விஷயத்திலும் அப்படியே செய்தால் என்ன? கோபம் இல்லாவிட்டால் எதற்காக அடைத்து வைக்கப் போகிறார்? இப்படித்தான் யோசித்தாள். இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்தும் அதற்கு மேல் அவளுக்குப் புத்தி போகவில்லை.

சுரண்டும் நாள் காலை. வெள்ளை ஓடு பதித்த அறை, நடுவில் தண்ணீர் போக ஒரு துவாரம், மூலையில் அடுப்பு. அடுப்புக்காரர் காய்ச்சலென்று வரவில்லை. அவள் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்தாள். சுரண்டும்போது பொதியர்களுக்குச் சொக்கிக்கொண்டு வரும். அவர் கண் செருகியதும் கரண்டியை அழுத்தினாள். செத்த தோல் சாம்பல் நிறத்தில் வந்தது, அதன் கீழே கொழுப்பு மஞ்சளாக வந்தது. கொழுப்புக்கு வலி தெரியாது. ஒரு நகக் கனம், முதுகு முழுக்க, ஓரம் விடாமல் எடுத்தாள். பதினோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவள் சுரண்டியதே இல்லை.

வாளி நிறைந்தது. அதை எடுத்துப்போய் அடுப்பில் கவிழ்த்தாள். பக்கத்தில் அடுப்புக்காரர் இல்லை, எரி என்று சொல்வாரில்லை. கை பழகிய வேலையைக் கை செய்தது. கொழுப்பு நன்றாகப் பற்றிக்கொள்ளும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

முதலாளி விழித்தார். வயிற்றிலிருந்து குரல் வந்தது.

“உடம்பே லேசாயிடுச்சு, கரண்டி. இன்னைக்கு நல்லா சுரண்டியிருக்க.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பி விஷயம் என்று ஆரம்பித்தாள். அந்த லாரிக்காரன்தானே, நல்ல பிள்ளையாயிற்றே, அவனுக்கு என்ன என்று கேட்டார். குரலில் கோபம் மருந்துக்குக்கூட இல்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“அவனை விட்டுடுங்க, முதலாளி.”

“எங்கேருந்து?” என்றார் அவர்.

போன வருடம் சமையல்காரர் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தார், அதனால் கோபம் மட்டும் போயிற்று. தம்பி இருந்த இடமோ அந்தக் கொழுப்பில் அல்லவா இருந்தது. இது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடிப்பார், தன்னையும் புதைப்பார் என்று நின்றாள். அவரோ குட்டைக் கைகளால் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். புதைத்த இடம் மறந்த பொதியரை அவள் பார்த்ததில்லை. அந்தப் பெரிய உடம்பு நடுங்கியது.

“சுரண்டினது எங்கே? குடு, நானே தின்னுடறேன். எல்லாம் திரும்பி வந்துடும்.”

அவள் அடுப்பைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

அவள் அடுப்புக்குள் கையை விட்டாள். சூட்டில் தோல் பொசுங்கியதுதான் மிச்சம், அகப்பட்டது வெறும் சாம்பல். அதற்குப் பிறகு மற்றக் கையின் நகங்களைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தடியில் மஞ்சளாகத் துளி ஒட்டியிருந்தது. ஓடிவந்து நீட்டினாள். முதலாளி மெதுவாக நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“உன் தம்பிதான். சுரண்டி முடிச்சதும் விட்டுடலாம்னு நினைச்சிருக்கேன். அக்கா பாவம், ரொம்ப அழுதுட்டான்னு நினைச்சிருக்கேன்.”

“எங்கேன்னு, முதலாளி?”

“அது இதுல இல்ல.”

கடைசியாக எப்போது ரொட்டி கொண்டுபோனார் என்பதும் அதில் இல்லை. வெளியே மூச்சு விடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மறந்துவிட்டார் என்று தெரிந்தால் மற்ற முதலாளிகள் அவர் கொழுப்பை உரித்துத் தின்றுவிடுவார்களாம். தானே தேடுகிறேன் என்று சேற்றில் இறங்கினார். நாற்பது வருடமாக அவரும் மற்றவர்களும் ஊருக்கு அடியில் தோண்டிய பொந்துகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவள் அவர் பேச்சைக் கேட்கவில்லை, நேராகப் போலீஸுக்குத்தான் போனாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு, எந்த இடம் என்று சொல்லுங்கள், இப்போதே போகிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவள் வெந்த கையைக்கூடக் கவனிக்கவில்லை.

“முதலாளி என்னடி சொன்னாரு?”

“விட்டுடலாம்னு சொன்னாரும்மா” என்றாள். சொன்னது பொய்யில்லை.

அம்மா எழுந்துபோய்க் கவிழ்த்து வைத்திருந்த தட்டை நிமிர்த்தி வைத்தாள். அது நடந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. கரண்டி தெருத் தெருவாகப் போய்ச் சாக்கடை மூடிகளை எலும்புக் கரண்டியால் தட்டுகிறாள், குனிந்து காதை வைத்துக் கேட்கிறாள், அடுத்த மூடிக்குப் போகிறாள். காலையும் மாலையும் முதலாளி சேறு வழியத் திரும்பி வந்து இல்லை என்கிறார். தட்டில் தூசி படியக் கூடாதென்று அம்மா ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறாள்.