அடக்கம்

ஞாயிறு ஆராதனையில் வேதத்தின் நிருபக் கடிதங்களை வாசிக்கையில் "சகோதரரே" என்ற சொல் வரும்போதெல்லாம் கோயிலின் பெண்கள் பக்கம் கொஞ்சம் மங்கும். எல்லாக் கோயிலிலும் அப்படித்தான் என்று யோவன்னாள் நினைத்திருந்தாள். பெரிய பெண்கள் முக்காட்டுக்குள் "நாங்களுந்தான்" என்று முணுமுணுத்துக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் சரியாகிவிடும்.

அவள் மகள் ஒலிவாவுக்கு மட்டும் சரியாகவில்லை. ஏழு வயது. பொய் சொல்ல வராத பிள்ளை. "என்னயச் சொல்லலியேம்மா" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டாள். கேட்கக் கேட்க மங்கினாள். இந்தச் சனிக்கிழமை சிவப்பு ரிப்பனும் கவுனும் செருப்பும்தான் வீட்டுக்குள் நடமாடின. தோசை தட்டிலிருந்து எழும்பிக் காற்றில் காணாமல் போயிற்று. பசி மட்டும் குறையவில்லை.

ரிப்பனின் ஓரமும் வெளிறத் தொடங்கியிருந்தது. இன்னொரு ஞாயிறு தாங்காது.

மறுநாள் நிருபம் வாசிக்கும் முறை அவள் புருஷன் ஏசுவடியானுடையது. அவர் முற்றத்தில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். பத்திக்குப் பத்தி அந்தச் சொல் வந்தது. வந்த இடத்தில் எல்லாம் அதைச் சொல்லாமல் இருமினார்.

"கோயில்லயும் இருமுவியளா?" என்றாள் யோவன்னாள்.

"அங்க மைக் இருக்கு."

"சகோதரிகளேன்னு ஒண்ணு சேத்து வாசிச்சா என்ன?"

"வேதத்துல கை வைக்க நா யாருட்டி? ஐயர்ட்ட கேளு."

சபைப் போதகரான ஐயரின் பங்களா நடை, பெண்கள் தனியாக வந்தால் நீளும். யோவன்னாள் ரிப்பன் இருந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். சின்ன விரல்கள் தட்டுப்பட்டன. சுவரில் பழைய ஐயர்மார் படங்கள் வரிசையாக வந்தன. அவை முடிந்ததும், இனி வரப்போகும் ஐயர்மார் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் மீசை இருந்தது.

கடைசியில் இப்போதைய ஐயர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். ரிப்பனுக்கும் ஒன்று போட்டார். நல்ல மனுஷர்.

"வேதத்துல ஒரு வார்த்தை கூட்டக் கூடாதும்மா" என்றார்.

"ஒரு பிள்ளை கொறையுதே ஐயரே."

"அப்படி நெனைக்கப்படாது. சகோதரர்னா அதுல பொம்பளைகளும் அடக்கம்."

"இவளுமா?"

"ஒலிவாவும் அடக்கம்" என்றார் ஐயர்.

ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வேதக்கண் தலைத்துண்டை எடுத்தார். அவர் கோயில்குட்டி. மணியடிப்பதும் விளக்கேற்றுவதும் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதும் அவர் வேலை. அறுபது வயது தாண்டியும் அவருக்குக் குட்டி என்றுதான் பேர். அவருக்குத் தெரிந்த அடக்கம் ஒன்றே ஒன்று. வாளியை வைத்துவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனார்.

யோவன்னாள் நீண்ட நடையைத் தாண்டி வெளியே வருவதற்குள் துக்கமணி அடித்து ஓய்ந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் சின்னக் குழி ஒன்று பாதி ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, பிள்ளை இங்க நிக்கி."

"தெரியுதும்மா. செருப்பு தெரியுதுல்லா."

"பெறகு யாருக்கு வெட்டுதிய?"

"ஐயர் அடக்கம்னுட்டாவ. மணியும் அடிச்சாச்சி. அடிச்ச மணியத் திருப்பி வாங்க முடியுமா?"

அவர் மேலே ஏறி வந்து ரிப்பனுக்கு எதிரே குந்தினார்.

"நீ ஒறங்கும்போது கால நீட்டுவியா, மடக்குவியா?"

"மடக்குவேன்" என்றது குரல்.

"அப்ப இது போதும்." மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துத் துடைத்து நீட்டினார். பழம் கடிபட்டது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மணி கேட்டு ஏசுவடியான் ஓடிவந்தார். குழியருகே கிடந்த மரச்சிலுவையில் ஒலிவா என்று எழுதியிருந்தது. பெயிண்ட் காயவில்லை. அவர் குழியைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அதன்பிறகு அவர் இருமவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மைக் முன்னால் நின்றார். முதல் வரியிலேயே அந்தச் சொல் இருந்தது. வாசித்தார்.

பெண்கள் பக்கம் மங்கியது. ரிப்பன் ரோஸ் நிறமாகி வெள்ளையானது. கவுனைக் காணவில்லை. யோவன்னாள் பக்கத்து இடத்தைத் தடவினாள். பெஞ்சுப் பலகைதான் கைக்கு வந்தது.

ஏசுவடியான் வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டார்.

"ஏட்டி ஒலிவா. ஒன்னையுந்தான் சொல்லுதேன்."

வெறும் பெஞ்சுப் பலகையிலிருந்து குரல் வந்தது.

"கேக்குதுப்பா."

சொன்ன வாய் முதலில் தெரிந்தது. அதில் முன்பல் ஒன்று இல்லை. பிறகு மூக்கு வந்தது. காது வந்தது. ரிப்பன் கடைசியாகச் சிவந்தது.

ஆண்கள் பக்கம் ஒரு கமிட்டி மெம்பர் எழுந்தார். "ஐயரே, இப்ப சொன்னது வேதத்துல இருக்கா?"

ஐயர் வேதத்தைத் திறந்து நெடுநேரம் தேடினார்.

"இல்ல" என்றார். "ஆனா அவரு வேதத்த வாசிக்கல. மகளக் கூப்பிட்டாரு. கூப்பிடக் கூடாதுன்னும் எங்கயும் இல்ல."

மெம்பர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் பக்கம் திரும்பி, "கிளாடிஸு" என்றார். அவர் மனைவி திடுக்கிட்டாள். அவளை அப்போதுதான் பலரும் பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் வேதக்கண் வாசலில் நின்றார்.

"ஐயரே, குழிய மூடிரட்டுமா?"

"அடுத்த ஞாயிறு பாத்துட்டு மூடலாம்" என்றார் ஐயர்.

அடுத்த ஞாயிறு வாசிக்க வேண்டியவர் செல்லையா. கல்யாணம் ஆகாதவர். அவர் பெண்கள் பக்கத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தயங்கித் தயங்கி யோவன்னாளிடம் வந்தார்.

"எனக்குக் கூப்பிட வீட்டுல ஆளு இல்ல. ஆருமே கூப்பிடாத ஆள் ஒண்ணு ரெண்டு பேரையாவது கூப்பிடலாம்னு பாக்கேன். ஒலிவா அம்மான்னுதான் ஒங்களத் தெரியும். ஒங்க பேரு என்ன?"

யோவன்னாள் வாயைத் திறந்தாள். பேர் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தின் அட்டைச் சிலுவை, அதன்மேல் வைத்திருந்த அவள் உள்ளங்கை வழியாகத் தெளிவாகத் தெரிந்தது.

"யோவன்னாள்" என்றாள் ஒலிவா.

மறந்துவிடக் கூடாது என்று செல்லையா அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.