வண்டியில் வரைந்த கண்ணீர்

பொழுது புலர்வதற்கு முன்பே மணக்காட்டுத்துறையில் சிலுவை நிற்கும் குருசடி முன்னால் வேன் வந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் ஜெனின் ஒலிப்பானை அழுத்தி அழுத்திப் பார்த்தான். கடற்கரையிலிருந்து தலையில் மீன்கூடையான கடவத்தோடு ஏறி வந்த மீன்காரப் பெண்கள் வேனை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். கடவங்களிலிருந்து சொட்டிய மீன்தண்ணீர் சாலையில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று.

குருசடிப் படியில் புகைப்படக் கருவியோடு காத்திருந்த சத்தியநேசன் திகைத்து எழுந்தார். நெய்யூர்க்காரர், தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவர், கரையொளி அறக்கட்டளையின் மக்கள் தொடர்பு அலுவலர். வெளிநாட்டார் அளித்த கொடையில் அந்த வேனை வாங்கி, மீன் விற்கும் பெண்களின் சங்கத்திற்கு ஒப்படைத்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. மீன் வாடை என்று சொல்லிப் பேருந்து நடத்துநர்கள் அந்தப் பெண்களை நடுவழியில் இறக்கிவிடும் கொடுமைக்கு முடிவு கட்ட வந்த வேன் அது. அதை விட்டுவிட்டு, இறக்கிவிடும் பேருந்தையே அவர்கள் தேடிப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏன் ஏறல்ல? வண்டி உங்களுக்குத்தானே தந்திருக்கு?" என்று அவர் உரக்கக் கேட்டார்.

"அது தாலி அறுத்தவளுகளுக்க வண்டியில்லியா சாரே? எனக்கு கெட்டியோன் கல்லு போல உண்டு!" என்றாள் இளையவளான ஜெமி. பின்னால் வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

வேனின் இரண்டு பக்கங்களிலும் ஆளுயரத்திற்கு ஒரு படம் ஒட்டப்பட்டிருந்தது. கூந்தல் அவிழ்ந்து, வாய் கோணி, கடலைப் பார்த்து அழும் ஒரு பெண். படத்தின் கீழே, "ஆழிப்பேரலை பறித்தது கணவனை, அயல்நாட்டு அன்பு அளித்தது வாழ்வை! ஆதரவற்ற பெண்களின் கண்ணீர் துடைக்கும் கரையொளி" என்ற வாசகம். சத்தியநேசனே எழுதியது. எழுதிய அன்று அதைப் பலமுறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தவர் அவர்.

படத்தில் அழுத பெண் இப்போது கடவத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அவர் எதிரே நின்றாள். அவள் பெயர் லீமா. அவளுக்குப் பின்னால், தோளில் வலையோடு ஓர் ஆள் வந்தான்.

"வாரும் சாரே! நான்தான் அந்த மரிச்ச ஆளு. பேரு ஞானதாசன். எனக்க சாவு அடியந்திரத்துக்கு ஊரெல்லாம் விளிச்சிட்டு, என்னெ மட்டும் விளிக்கல்லியே!"

"நீரு மிண்டாம இரும்" என்று கணவனை அடக்கிவிட்டு லீமா பேசினாள். "சாரே, அலை அடிச்ச அண்ணைக்கு இவரு கடலுக்குப் போயிருந்தாரு. வள்ளத்தெ காணாம உச்சைக்கு நான் நெஞ்சிலடிச்சு கரஞ்சேன். அந்திக்கு இவரு முழுசா வந்து கேறினாரு. உச்சைக்குப் படம் பிடிச்ச ஆளு அந்தி வரெ நின்னிருந்தா, நான் சிரிச்சதயும் பிடிச்சிருக்கலாம். அது போட்டு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் பறஞ்சிருப்பேனே?"

சத்தியநேசனுக்கு முகம் சுருங்கியது. எனினும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "தப்புதான் லீமாக்கா. ஆனா பாக்கிறவங்களுக்கு மனசு இளகணும் இல்லியா? இளகினாத்தானே வெளிநாட்டில உள்ளவங்க தருவாங்க?"

"அங்க இளகுதது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் இதில ஏறிப் போய்ப் பாத்தோம், குழித்துறைச் சந்தையில நல்லா இளகுது. 'சும்மா கிடைச்ச வண்டியில வந்த மீனுதானே, பாதி விலைக்குத் தா'ங்குதாவ. எப்பம் மரிச்சாரு, எப்படி மரிச்சாருண்ணு ஒரு கூட்டம் துக்கம் கேக்குது. மீனு விக்கதா, ஒப்பாரி வைக்கதா?"

அன்று மாலையே அறக்கட்டளை இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். "சனிக்கிழமை கொடையாளர்கள் வருகிறார்கள். வேன் சும்மா கிடப்பதை அவர்கள் பார்க்கக் கூடாது. இந்தப் பெண்களுக்கு வேண்டாமென்றால் பக்கத்துக் கரைக்குக் கொடுத்துவிடுவோம். முடிவு உம் கையில்." அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது.

சத்தியநேசன் மறுபடியும் லீமாவிடம் வந்தார். "நாளைக்கு ஒருநாள் ஏறுங்க. சந்தையில உள்ளவங்களுக்கு விஷயம் தெரியாததுதான் குறை. நானே வந்து எல்லாருக்கும் விளக்கிச் சொல்லுகேன்." வேன் கைவிட்டுப் போகும் என்று கேட்டதும் லீமா உதட்டைக் கடித்தாள். சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை, குழித்துறைச் சந்தை வாசலில் வேன் நின்றது. சத்தியநேசன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "பெருமக்களே! அலையால் அனைத்தையும் இழந்து அநாதைகளாக நின்ற இந்தத் தாய்மார்களுக்கு, கடல்கடந்து வந்த கருணை..." என்று பழைய வாசகத்தின் ஓட்டத்திலேயே தொடங்கினார். குரல் கணீரென்று எழுந்தது. கூட்டம் கூடியது. சிலர் உச்சுக் கொட்டினார்கள். நம் பேச்சு எடுபட்டுவிட்டது என்று அவர் உள்ளம் பூரித்தது.

லீமா அயிலை மீனைக் கூறு கூறாக வைத்து உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அவளிடம் மீன் வாங்கும் மூதாட்டி சத்தியபாய் கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தார்; குனிந்து, ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கடவத்திற்குள் போட்டார்.

"மீனு வேண்டாம் மக்கா. நீ வச்சுக்க. ஆம்பளத் துணையில்லாம பிள்ளையளெ எப்படித்தான் வளக்கியோ! இவ்வளவு நாளும் உங்கிட்ட விலை பேசி வாங்கினேனே, கர்த்தர் என்னெ மன்னிக்கட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

லீமா ஒரு கணம் அந்தத் தாளையே பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். அதற்கு ஈடாக இரண்டு கூறு மீனை அப்படியே வாரிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடினாள். "அம்மச்சி, நில்லும்! எனக்க அம்மையும் இந்தச் சந்தையிலதான் வித்தா. கூறு வைக்காம ஒருத்தர்கிட்ட கைநீட்டினதில்ல. மீனெ எடும், இல்லண்ணா பைசாவெ எடும்!" அவள் விரலிடுக்குகளில் செதில்கள் மினுங்கின. சத்தியபாய் ஒன்றும் புரியாமல் மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒலிபெருக்கி சத்தியநேசனின் கையில் கனத்தது. உழைத்து உண்ணும் ஒருத்தியைச் சந்தை நடுவே, அத்தனை பேர் முன்னிலையில், பிச்சைக்காரியாக்கியது யார்? நடத்துநர் அவளைப் பேருந்திலிருந்துதான் இறக்கிவிட்டார். தம் எழுத்தோ அவளை அவள் நிலையிலிருந்தே இறக்கிவிட்டது. இரண்டில் எது பெரிய கொடுமை என்று தம்மையே கேட்டுக்கொண்டார். விடை கசந்தது.

அவர் வேனிலேயே கரைக்குத் திரும்பினார். மணக்காட்டுத்துறையில் அன்றைய மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் விலையைக் காதோடு காதாகச் சொல்ல முடியாது. ஊர் கேட்க உரக்க விளிக்க வேண்டும். மறுத்துச் சொல்ல விரும்புகிறவன் சொல்லி முடிக்கும் வரை ஏலம் முடியாது. இத்தனை மாதங்களாக அந்த ஏலத்தைப் படம் பிடித்த சத்தியநேசன், அன்றுதான் அதைக் காதால் கேட்டார். ஏலம் முடிந்ததும் கவிழ்த்துப் போட்ட ஒரு மீன்பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"வண்டியில இருக்கிறதெ அழிக்கப்போறேன். புதுசா என்ன எழுதணும்னு நான் விளிக்கேன். வேண்டாததெ நீங்க மறுத்துச் சொல்லுங்க!"

கூட்டம் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு பிடித்துக்கொண்டது.

"'ஆதரவற்ற'ண்ணு இருக்கதெ எடும்!"

"எனக்க சாவெ முதல்ல எடும் ஓய்!" என்றான் ஞானதாசன்.

"வண்டி தந்தவங்களுக்க பேரெ பெரிசா எழுதும். தந்தது தந்ததுதான், மறைக்கப்பிடாது" என்றாள் லீமா. "டீசலும் டிரைவருக்க சம்பளமும் எங்க மீனு கச்சவடத்து வரவில இருந்து நாங்க போடுதோம். அதயும் எழுதும்."

"ஐஸ் பெட்டி தாறோம்ணு பறஞ்சீங்க, இன்னும் வரல்ல. அதும் எழுதும் சாரே!" என்று ஜெமி குரல் கொடுத்தாள்.

சத்தியநேசனின் பேனா ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு வரி வேலைக்கே உலை வைக்கும் என்று அவருக்குத் தெரியும். எழுதினார்.

சனிக்கிழமை காலை இயக்குநர் வேனைப் பார்த்துச் சிவந்துபோனார். படத்தில் லீமா வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னையும் சேர்க்காவிட்டால் விடமாட்டேன் என்று அடம்பிடித்த ஞானதாசன் பக்கத்தில் விறைத்து நின்றான். "உமக்கு என்ன பித்தா? வராத பெட்டியை யாராவது ஊருக்கு அறிவிப்பார்களா? அழுகை இல்லாமல் அடுத்த நிதி எப்படி வரும்?" என்று பல்லைக் கடித்தார்.

அதற்குள் வெளிநாட்டு அம்மையார் காரிலிருந்து இறங்கிவிட்டார். வேனில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். சத்தியநேசன் ஒரு வரிகூட விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மையாரின் நெற்றி சுருங்கியது. "நீங்கள் அனுப்பிய அறிக்கையில் இந்தப் பெண் விதவை என்று படித்தேனே?"

"எழுதியவன் நான். அது பொய். இவரிடம் கேளாமலே எழுதினேன். அறிக்கையையும் திருத்தி அனுப்புகிறேன்" என்றார் சத்தியநேசன். இயக்குநர் மணலைப் பார்த்தார்.

அம்மையார் நேரே ஞானதாசனிடம் நடந்துபோய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கள் உயிரோடிருப்பதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி" என்று அவர் சொன்னதைச் சத்தியநேசன் தமிழாக்கியதும் கரையே சிரித்தது. அடுத்து அவர் லீமாவின் பக்கம் திரும்பி, ஐஸ் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டார். லீமா இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள்.

விருந்தினர் போனபின் இயக்குநர் மெல்லக் கேட்டார்: "இது எல்லாரிடமும் செல்லுபடியாகும் என்று நினைக்கிறீரா?"

சத்தியநேசன் நிமிர்ந்து நின்று சொன்னார்: "ஐயா, கொடுத்தவரிடம் ஒன்று, பெற்றவரிடம் ஒன்று என்று இரண்டு பேச்சு இனி வேண்டாம். உதவியைப் பற்றி ஊருக்குச் சொல்வதற்குமுன், உதவி பெற்றவர் காதில் அது விழட்டும். அவர் ஒப்பாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழிக்கப்பட வேண்டியதே. கொடுத்ததையும் சொல்வோம், கொடுக்கத் தவறியதையும் சொல்வோம், அவர்களுடைய உழைப்பையும் சொல்வோம். ஒருவர் கண்ணீரைக் காட்டி வாங்கும் பணம், அவர் மானத்தை விற்று வாங்கும் பணம்."

திங்கட்கிழமை விடியலில் வேன் நிறைந்து குழித்துறைக்குப் போனது. சத்தியபாய் வந்தார். வேனில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். லீமாவின் முன்னால் வந்து நின்று, அயிலைக் கூறை விரலால் புரட்டினார்.

"ஏட்டி, இதுக்கு அம்பது ரூவாயா? கொள்ளையடிக்கியா? கெட்டியோன் உயிரோட இருக்காருல்லா, முப்பதுக்குத் தா!"

"முப்பதுக்கு மீனுக்க வாலுதான் கிட்டும் அம்மச்சி!" என்று லீமா குரலை உயர்த்தினாள்.

பேரம் நீண்டுகொண்டே போயிற்று.