ஐடாவின் சன்னக் குரல்

"அவர் சட்டையை யாருடி கழட்டச் சொன்னது?"

"கத்தாதக்கா, அவருக்குக் காது..."

"என் புருஷன் காதைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? நாப்பத்தாறு வருஷமா..."

"நாப்பத்தாறு வருஷமாக் கத்துற. இன்னிக்கு ஒரு நாளு மெதுவாப் பேசேன்."

ஐடா என் தங்கை. அவள் சமையலறை ஜன்னலோரம் ஒரு முக்காலியில் என் கணவர் ஆர்வில் இடுப்புக்கு மேலே துணியில்லாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரி மயிரைச் சீப்பு நுனியால் விலக்கி விலக்கி ஐடா உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட முதல் சத்தத்திலேயே அவர் இடது காதைப் பொத்திக்கொண்டார். வாயின் இடது மூலை தொங்கிக்கொண்டிருந்தது. இடது கண் மூடாது. அதிலிருந்து நீர் வழிந்தபடியே இருக்கும். அழுகிறாரா, அல்லது நோயா என்று எட்டு வாரமாக எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் தீவில் மனிதரைவிட மான் அதிகம், மானோடு உண்ணியும். மே மாதம் பிறந்துவிட்டால் புல்லில் கால் வைத்த யாரும் உடம்பைப் பார்க்காமல் படுப்பதில்லை. முழங்காலின் மடிப்பு, அக்குள், இடுப்பில் பட்டி அழுந்தும் இடம், பிடரி, காதுமடலின் பின்புறம். கசகசா அளவுதான் இருக்கும் உண்ணி. பிள்ளைக்குத் தாய் பார்ப்பாள், புருஷனுக்குப் பெண்டாட்டி, பெண்டாட்டிக்குப் புருஷன். ஐடாவைப் போல ஒண்டிக்கட்டையாக இருப்பவர்கள் இரண்டு கண்ணாடியை வைத்துக்கொண்டு கழுத்தை முறித்துக்கொள்வார்கள். அடுத்தவள் புருஷனுக்கு யாரும் பார்ப்பதில்லை. அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் என் தலைமுறையில் யாரும் அதை மீறி நான் கண்டதில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை, குடித்த காப்பி அவர் வாயோரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. பக்கவாதம் என்று பயந்து படகைக் கிளப்பிக் கரைக்கு ஓடினோம். ஐடாவும் கூட வந்தாள். மருத்துவர் சின்னப் பெண். முகத்தை விட்டுவிட்டு முடியை விலக்கிப் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால் மங்கிப்போன சிவப்பு வளையம். "லைம் நோய்தான். உண்ணி ரெண்டு மூணு நாளாவது ஒட்டிட்டு இருந்திருக்கணும். வீட்டுல யாரும் பாக்கலையா?" என்று கேட்டாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மூன்று வாரம் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் இமையை ஒட்டி வைக்கப் பசைத்துணி. முகம் மெல்ல மெல்லத் திரும்பிவிடும், மாதக்கணக்கானாலும் ஆகலாம் என்றாள்.

காதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. முகத்தை அசைக்கும் நரம்புதான் காதுக்குள் வரும் சத்தத்தையும் மட்டுப்படுத்துமாம். அது சோர்ந்துவிட்டதால் தட்டில் கரண்டி படுவதுகூட அவருக்கு ஆணி அடிப்பதுபோல் இருந்தது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய கம்பளிக் காலுறை மாட்டினேன். எஃகுக் கரண்டிகளைப் பரணில் போட்டுவிட்டு மரக்கரண்டி வாங்கினேன். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன். கூவுகிற சேவலைச் சூப்பு வைத்தேன். என் குரலை என்ன செய்வது?

அது சாதாரணக் குரல் இல்லை. இருபது வயதிலிருந்து ஊர்க்கூடத்து மேடையில் நின்று சனிக்கிழமை ஜோடி ஆட்டத்தில் அடுத்த அடி என்னவென்று சொன்ன குரல். 'கை கோத்து உள்ளே வா, இடம் மாறு, துணையைச் சுற்று' என்று நான் சொன்னால், பிடிலையும் அறுபது ஜோடி பூட்ஸையும் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். பனிமூட்டத்தில் சிங்கி இறால் படகுகள் என் குரலைப் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்ததாகச் சொல்வார்கள். "உன் குரலைத்தான் நான் கட்டிக்கிட்டேன், கூடவே நீயும் வந்துட்ட" என்று ஆர்வில் எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்! மேடையில் நிற்பவள் ஆட முடியாது. அவர் கீழே யாரோடாவது ஆடிக்கொண்டிருப்பார், பாதி நாள் ஐடாவோடு. கண் மட்டும் மேடைமேல் இருக்கும். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஐடாவுக்கு மாவுப் பானைக்குள் எலி பேசுவதுபோல ஒரு குரல். கடைக்காரர் இரண்டு தடவை கேட்பார், மூன்றாம் தடவை நான் அவளுக்காகச் சொல்லுவேன். பாவம், குரல் இல்லாதவள் என்று ஆயுள் முழுக்க அவளுக்காக இரக்கப்பட்டவள் நான். இப்போது தினமும் பத்து மணிக்கு என் கணவர் தடியை எடுத்துக்கொண்டு அந்தச் சன்னக் குரலைத் தேடிப் போகிறார். அவள் சுட்டுக் கொடுக்கும் புளூபெர்ரிப் பழ அப்பத்தை வாயின் வலது பக்கமாகத் தின்றுவிட்டு மத்தியானம் வருகிறார். நான் சிலேட்டில் எழுதிக் காட்டினால், கண்ணில் நீர் நிற்கிறது, படிக்க முடியவில்லை என்று கையை ஆட்டுகிறார். உதடு சேராததால் என் பெயர் அவர் வாயில் நிற்பதில்லை. மேபல் என்பது காற்றாகப் போய்விடுகிறது. ஐடா என்ற பெயருக்கு உதடே வேண்டாம். முழுசாக, உருண்டையாக வந்து விழுகிறது. ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் கிசுகிசுத்துப் பார்த்தேன். கடல்நாய் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

"எழுந்திருங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

அவர் அசையவில்லை. "நான்தான் பாக்கச் சொன்னேன்" என்றார். பாதி எழுத்துகள் வழியில் உதிர்ந்துபோனாலும் எனக்குப் புரிந்தது.

"ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ராத்திரிக்கு ராத்திரி நான் பாக்கல?"

"நீ பாக்கல. பேசின."

முக்காலி கிறீச்சிட்டது. அதற்கே அவர் தோள் துடித்தது. ஐடா அந்தத் தோளில் கை வைத்தாள். வைத்த கையை நான் பார்த்தேன். நான் பார்ப்பது தெரிந்தும் அவள் எடுக்கவில்லை.

"கையில தட்டுப்பட்டுச்சா இல்லியாக்கா?" என்றாள். "அந்த டாக்டர் பொண்ணு கேட்டப்ப உன் முகம் போன போக்கை நான் பாத்தேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜூன் தொடக்கத்தில் ஒரு இரவு, ஊர்க்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றியும், அதைச் சரிசெய்யத் துப்பில்லாத கமிட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டே அவர் பிடரியைத் தடவினேன். இடது காதுக்குப் பின்னால் விரலில் ஏதோ நெருடியது. விரலும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. அவர் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் ஏது என்ற திமிர். கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன் என்று பெருமை பேசுவேனே, அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன்.

"மச்சம்னு நெனச்சேன்" என்றேன்.

தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. வெறும் மூச்சில் வந்தது. ஆர்வில் காதிலிருந்து கையை எடுத்தார். எட்டு வாரத்தில் முதல் தடவையாக நான் பேசி அவர் முகம் சுருங்கவில்லை. வலது பாதி முகம் என் பக்கம் திரும்பி, இன்னும் ஏதாவது சொல்லேன் என்பதுபோல் காத்திருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு அப்படியே நடந்துவிடலாம், வழியெல்லாம் இந்த மூச்சிலேயே பேசிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

ஐடா அவருடைய வலது காதுமடலை இரண்டு விரலால் மெல்ல முன்னால் மடக்கினாள்.

"மச்சம் இந்தப் பக்கம்க்கா" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "அப்பல்லாம் கடுகளவுதான் இருந்துச்சு."

சீப்பு அவள் கையில் நின்றது. ஆர்வில் ஜன்னலைப் பார்த்தார். மூடாத கண் வழிந்துகொண்டே இருந்தது.

அதே மூச்சுக் குரலில் நான் கேட்டேன்.

"எப்ப, ஐடா?"