வடக்கே போன சிச்சாக் கடை

ஊரார் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிட்ட லியோகாதியாவின் சிச்சாக் கடை வருஷத்துக்கு ஒன்றரை முழம் வடக்கே நகர்ந்தது. நல்ல மழை பெய்த வருஷங்களில் இரண்டு முழம். சான் எலுத்தேரியோ ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை, காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் சிச்சா என்கிற மக்காச்சோளக் கள்ளைக் குடிக்கிற எவனும் முதல் மடக்கைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடுவையை வாயில் வைப்பான். அது பூமித்தாயின் பங்கு. லியோகாதியாவின் கடையில் நாளைக்கு எழுபது எண்பது பேர் குடித்தார்கள், ஆளுக்கு ஐந்தாறு சுரைக்குடுவை, இருபத்தாறு வருஷம். அவ்வளவையும் வாங்கிக்கொண்ட மண் நிதானமாக நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. போதை ஏறிய மண் மெல்லத் தள்ளாடி வடக்குப் பக்கமாக நடந்தது, மேலே இருந்த கடையும் கூடவே போனது. வருஷம் ஒருமுறை மின்சாரக்காரர் வந்து கம்பியை நீட்டிக் கொடுத்தார். பக்கத்து வயல்காரர்கள் தகராறு செய்யவில்லை. கடை கடந்துபோன இடத்தில் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தட்டைக்கு மூன்று கதிர் விட்டதால், எப்போது எங்கள் பக்கம் வரும் என்று கேட்டவர்கள்தான் உண்டு.

லியோகாதியாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இரட்டைப் பின்னல், வெள்ளைத் தொப்பி, அடுப்புத் தீயில் மயிர் பொசுங்கிப்போன முன்கைகள். அவள் யாரையும் நம்பியவளில்லை. சோளத்தை அவளே முளைகட்டினாள், அரவை மில்லில் கல் பக்கத்திலேயே நின்று மாவு வாங்கினாள், செப்பு அண்டாவில் இரண்டு நாள் காய்ச்சும்போது துடுப்பை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. எச்சில் சேர்ந்தால்தான் சிச்சா பொங்கும் என்பதால், மாவில் ஒரு பங்கை வாயில் மென்று உருட்டிக் காயவைக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மாவைக் கொடுப்பாள். காய்ச்சியதைப் பாதி மண்ணில் புதைந்திருந்த பெரிய பானைகளில் ஊற்றி, பொங்கி அடங்கியதும் வாசல் கம்பத்தில் வெள்ளைக் கொடி ஏற்றுவாள். கொடியைப் பார்த்தால் மூன்று மைல் தூரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு ஜூலை மாதம் பீர் கம்பெனி ஆள் லாரியில் வந்து இறங்கினான். குளிர்பெட்டி ஒன்று, பெயர் எழுதிய நாற்காலி முப்பது, எல்லாம் இலவசம், சிச்சாவை மட்டும் நிறுத்திவிட வேண்டும் என்றான். லியோகாதியா அவனை உட்காரச் சொல்லவில்லை. பன்றிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே, பீர் நல்ல சரக்கு என்றால் அதை விற்க நாற்காலி எதற்கு என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அடுத்த வாரம் ஊராட்சியிலிருந்து சுகாதார அதிகாரி வால்தெர் ஆர்னேஸ் வந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் நிரூபிக்கவில்லை. இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

ஆர்னேஸ் கெட்டவர் என்று சொல்ல முடியாது, படித்தவர், அவ்வளவுதான். நாடாவை எடுத்து அளந்தார், பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

“தோன்யா, லைசென்ஸ்ல மனை எண் நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. உங்க கடை பாதி நாப்பத்திரண்டுல நிக்குது.”

“நானா தம்பி நகத்தினேன்? அது பாட்டுக்குப் போகுது. கீழ குனிஞ்சு அதுகிட்டயே கேளு.”

அவர் குனியவில்லை. மண் தரையில் கள் கடை நடத்துவது சுகாதாரக் கேடு, நகர்கிற கட்டடத்துக்கு அனுமதி கிடையாது, ஒரு மாதத்துக்குள் சிமெண்டுத் தரை போட்டு வீட்டை நிறுத்தாவிட்டால் பூட்டி முத்திரை வைப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்தாறு வருஷம் யாருக்கும் வளையாதவள் இந்த ஒரு காரியத்தில் வளைந்தாள். கல்லறைத் திருநாளுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. செத்தவர்கள் வருஷத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து குடிக்கிற சிச்சாவுக்காக நாற்பத்தொரு குடும்பங்கள் அவளிடம் சொல்லி வைத்திருந்தன. அந்த நாளில் கடை பூட்டிக் கிடந்தால் ஊரே செத்தவர்களுக்குப் பீர் பாட்டிலை உடைத்து வைக்கும், ஒரு தடவை வைத்தால் அதுவே பழகிவிடும் என்று அவள் பயந்தாள். ஆகஸ்டில் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரோடு சுவராகச் சிமெண்டு பூசினாள், பானைகளின் கழுத்து வரைக்கும். ஒரு கை அகல மண் கூட விடவில்லை. அவ்வளவு அறிவுள்ளவள் அதை மட்டும் யோசிக்காமல் விட்டாள்.

வீடு நின்றது. கீழே இருந்த மண்ணுக்குப் போதை தெளிந்து, தெளிந்தவனுக்கு வருகிற தலைவலியும் வந்தது. மூன்று வாரம் கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் தெருவில் சுவர்கள் விரிசல் விட்டன, கோழிகள் அடைகாக்க மறுத்தன. அதுகூடப் பரவாயில்லை. சிச்சா பொங்கவில்லை. காய்ச்சி ஊற்றியது பத்தொன்பது நாள் பானையில் கிடந்து ஊற்றியபடியே இருந்தது, பாயசம் மாதிரி. லியோகாதியா தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், வேறு கிணற்றில் மொண்டாள். மில்லைச் சந்தேகப்பட்டாள், வேறு மில்லுக்குப் போனாள். கடைசியில் மெல்லுகிற பெண்கள் இரண்டு பேரையும் வாய் சுத்தமில்லை என்று திட்டி அனுப்பிவிட்டுத் தானே மென்றாள். தாடை வீங்கியதுதான் மிச்சம். அக்டோபர் பிறந்தபோது கம்பத்தில் கொடி ஏறி ஐம்பது நாள் ஆகியிருந்தது, எதிர்ப்பக்கம் புதிதாகத் திறந்த பீர் கடையில் நாற்காலிகள் நிறைந்திருந்தன.

மாட்டு வியாபாரி செராப்பியோ ஒருவர்தான் அந்தப் பாயசத்தையும் விடாமல் குடிக்க வந்தார். தன் பங்குக்குப் பழைய சிச்சா ஒரு பாட்டில் வீட்டில் வைத்திருந்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து குடுவையில் கலந்துகொள்வார். முதல் மடக்கைச் சிமெண்டில் ஊற்றினால் அது குளம்போல நின்று ஈ மொய்த்தது, ஊற்றாமல் குடிக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் தன் செருப்பில் ஊற்றிக்கொண்டார், அதில் எப்படியும் சந்தை மண் ஒட்டியிருக்கும் என்று. நாலாவது நாள் அவர் கழற்றி வைத்த செருப்பு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டி வடக்கே கிளம்பின.

“அக்கா, என் செருப்பு போகுது பாரு.”

லியோகாதியா பார்த்தாள். செருப்பு தெருமுனை தாண்டும் வரைக்கும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள்.

செராப்பியோ அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார்: தரையை உடைத்தால் லைசென்ஸ் போகும், திருநாளுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, ஆர்னேஸிடம் பேசிப் பார்க்கலாம். அவள் முதல் அடியை அவர் பேசும்போதே போட்டாள். சத்தம் கேட்டு பீர் கடையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். அவள் அனுப்பிவிட்ட இரண்டு பெண்களும் வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் லியோகாதியா நிமிர்ந்து, தப்பு என்னுடையது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். அவர்கள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சில்லுகளை அள்ளிப் போட ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் பாதித் தரை போயிருந்தது. ஆர்னேஸ் அப்போதுதான் பூட்டும் முத்திரைக் காகிதமுமாக உள்ளே வந்தார்.

“இன்னும் ஒரு அடி அடிச்சீங்கன்னா பூட்டிருவேன் தோன்யா.”

“பூட்டிக்கோ. உள்ள நின்னுகிட்டே பூட்டு, உனக்கும் ஒரு குடுவை ஊத்தறேன்.”

ஊற்ற அவளிடம் ஒரே ஒரு பானைதான் நல்லது இருந்தது. சிமெண்டு போடுவதற்கு முன்னால் பொங்கியது, களிமண்ணால் வாய் பூசி அடுக்களை மூலையில் வைத்திருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன புருஷன் கிறிசோஸ்தோமோவுக்குத் திருநாளன்று படைக்கிற மேசைக்கு என்று ஒதுக்கியது. வேறு யாருக்கும் அதில் ஒரு சொட்டு கொடுத்ததில்லை. அவள் களிமண்ணைத் தட்டி உடைத்தாள், பானையைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து, வெடித்துக் கிடந்த மண்ணின் மேல் அடிமண்டி வரைக்கும் கவிழ்த்தாள். மண் அதைச் சத்தத்தோடு குடித்தது.

இரண்டு மாதம் காய்ந்து கிடந்த வயிற்றில் ஒரே மூச்சில் அவ்வளவு போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. வீடு ஒரு தடவை குலுங்கியது, பிறகு கிளம்பியது. மின்கம்பி அறுந்து விழுந்தது. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று மனைகள் ஜன்னலில் கடந்துபோயின, பிறகு வயல், பிறகு யூகலிப்டஸ் தோப்பு. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் இடம் போய்விடும். பானைகளில் கிடந்த பாயசம் ஆட்டத்தில் கலங்கி முதலில் ஓரத்தில் நுரைத்தது, பிறகு நடுவில் கொதித்தது, தோப்பைத் தாண்டும்போது வாசனை வந்துவிட்டது. ஆர்னேஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டை நிறுத்தும்படி உத்தரவிட்டார். இரண்டாவது தடவை உத்தரவிடும்போது குரல் இறங்கியிருந்தது. அறுநூறு அடி எடுத்து வைக்கிற தூரம் போய், எல்லைக்கல்லை உரசிக்கொண்டு, பக்கத்துத் தோல்காபாம்பா ஊராட்சிக்குள் முப்பது அடி தள்ளி வீடு நின்றது. கையிலிருந்த முத்திரை அந்த மண்ணில் செல்லாது என்பது ஆர்னேஸுக்குத்தான் முதலில் புரிந்தது. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார், கொடுத்த குடுவையை வாங்கினார், முதல் மடக்கைக் கீழே ஊற்றினார்.

தோல்காபாம்பாக்காரர்கள் மறுநாள் நாடாவோடு வந்தார்கள். அவர்களும் அதிகாரிகள்தான், ஆனால் ஊரில் ஒரு சிச்சாக் கடைகூட இல்லாதவர்கள். லைசென்ஸில் இடம் என்ற கட்டத்தில் ‘வடக்கு நோக்கி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

திருநாளன்று நாற்பத்தொரு வீட்டுக்கும் குடம் போய்ச் சேர்ந்தது. லியோகாதியாவின் வீட்டு மேசையில் மெழுகுவத்தி, ஆள் உருவ ரொட்டி, வெங்காயப் பூ, கரும்பு எல்லாம் இருந்தன. குடம் மட்டும் இல்லை. ஜெபம் சொல்ல வந்த செராப்பியோ அதைக் கவனித்தார்.

“கிறிசோஸ்தோமோ அண்ணனுக்கு ஒண்ணும் வைக்கலையா அக்கா?”

“அந்த மனுஷன் அன்னிக்கே குடிச்சாச்சு. இல்லேன்னா வீட்டை யாரு தள்ளினதாம்?”

செராப்பியோ யோசித்துப் பார்த்தார். கிறிசோஸ்தோமோ உயிரோடு இருந்த காலத்தில் ஆற்று மணலில் சிக்கிய சோள லாரியை ஒற்றை ஆளாகத் தள்ளி மேட்டில் ஏற்றியவர். மேசையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டுத் தின்றுவிட்டு, செத்தவருக்கான ஜெபத்தை ஆரம்பித்தார்.