சுப்பராயலு வீட்டு வேலியில் ஒரு கீறல்

பங்குனி நான்காம் தேதி காலை ஏழரை மணிக்கு, குமராட்சிக்குத் தெற்கே கொள்ளிடக் கரையை ஒட்டிய தோப்புத் தெருவில், ஒரு சிலந்தி லூர்துசாமியின் கையெழுத்தைப் போட்டது. அவர் வீட்டுக் கொய்யா மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே, வலையின் மையத்தில், வெள்ளை நூலில், ஆ. லூர்துசாமி என்று இனிஷியலோடு போட்டிருந்தது. பெயருக்கு அடியில் ஒரு கோடிழுத்து இரண்டு புள்ளி வைப்பது அவர் பழக்கம். அந்த இரண்டு புள்ளியையும் சிலந்தி விடவில்லை. லூர்துசாமி பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தார், வாயைக் கொப்பளித்தார், மனைவி சவரியம்மாளைக் கூப்பிட்டு, "இது எதுக்கு எங்கையெழுத்த போட்டு வச்சிருக்குது?" என்று கேட்டார். அவருக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, சந்தேகம். அந்த வருஷம் தோப்புத் தெருவில் கையெழுத்து என்றாலே சந்தேகம்தான்.

தை மாதம், இறால் பண்ணை வைக்க வந்த ஓர் ஆள், தெருவிலுள்ள நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் சம்மதித்துவிட்டதாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருந்தார். நகல் கைக்கு வந்ததும் நாற்பத்தொரு பேரும் நான் போடவில்லை என்றார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னதால் யாரும் யாரையும் நம்பவில்லை. பண்ணைக்கு வாய்க்கால் வெட்ட ஒரே வழி சுப்பராயலுவின் ஒரு காணி நிலம். மற்ற நாற்பதும் பொய்யென்று ஆனாலும் அவர் சம்மதம் மட்டும் நின்றால் போதும், கோடையில் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் உப்புத் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாக உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நெல்லைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. முதலில் சாகப்போவது அடுத்த வயல், அது லூர்துசாமியுடையது. கடிதத்தில் முதல் கையெழுத்தே சுப்பராயலுவுடையது, அது அசல் என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் பன்னிரண்டு வருஷம் கோயில் கமிட்டிச் செயலாளராக இருந்தவர். ஒவ்வொரு திருவிழா நோட்டீசின் அடியிலும் அவர் கையெழுத்து அச்சாகி வரும். 'லு' வரவேண்டிய இடத்தில் 'ளு' போட்டு, சுப்பராயளு என்றுதான் வரும். அந்தத் தப்பு கடிதத்திலும் அப்படியே இருந்தது.

லூர்துசாமியும் சுப்பராயலுவும் நாற்பது வருஷமாக ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டவர்கள். ஒரே பம்புசெட்டில் குளித்தவர்கள், ஒரு பெருவெள்ளத்தில் ஒரே கொட்டகைக் கூரைமேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்து ஒரே பொட்டலத்து அவலைத் தின்றவர்கள். நகல் வந்த நாளிலிருந்து லூர்துசாமி அவரை "அவுரு" என்று குறிப்பிட ஆரம்பித்தார். அந்த ஒரு மரியாதை சுப்பராயலுவை அறுத்தது போல வேறெதுவும் அறுக்கவில்லை.

வினோதினி வந்தது இந்த நிலைமையில்தான். கடலூர்ப் பெண், சிதம்பரத்தில் விலங்கியல் முதுகலை படிக்கிறவள். மாசிக் கடைசியிலிருந்து தினமும் காலை மினிபஸ்ஸில் வந்து இறங்கி, வேலியோரமாகக் குனிந்து நடந்து, வண்ணத்துப்பூச்சிகளையும் சிலந்திகளையும் அடையாளம் கண்டு எண்ணி நோட்டில் குறித்தாள். அந்தப் பக்கத்தில் நோட்டோடு வந்து யார் எதை எண்ணினாலும், ஆறு மாதத்தில் எங்கேயாவது நிலம் போகும் என்பது மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. பத்தடி தள்ளி எப்போதும் நாலு பேர் அவள் பின்னாலேயே போனார்கள். "பூச்சிய எண்ணி இன்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டதற்கு, "ரெக்கார்டு பண்ணுவேங்க" என்று சொல்லித் தொலைத்தாள். அவர்களுக்குத் தெரிந்த ரெக்கார்டு ஒன்றே ஒன்று, அது பட்டாவும் அடங்கலும். மறுநாள் பின்னால் போனவர்கள் எட்டுப் பேர்.

அவள் ஒளிக்காமல் எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள். எருக்கஞ்செடியில் சுற்றும் ஆரஞ்சு நிறத்து வண்ணத்துப்பூச்சி வெந்தய வரியன் என்றாள். அன்று மதியம் முதல் அந்த எருக்கம்புதர்ப் பக்கம் வெந்தயம் வறுபடும் வாசனை வந்தது, சித்திரை வரைக்கும் நிற்கவில்லை. கறிவேப்பிலை மரத்தில் முட்டையிடுவது கறிவேப்பிலை அழகி, அதில் பெண் பூச்சி விஷமுள்ள ரோஜா அழகியின் இறக்கையை அப்படியே காப்பியடித்துக்கொண்டு பறவைகளை ஏமாற்றும் என்றாள். "அப்ப அசலு எது, போலி எதுன்னு எப்புடி கண்டுபுடிக்கறது?" என்று உடனே கேட்டார் லூர்துசாமி. இறக்கையைப் பார்த்தால் தெரியாது, உடம்பைப் பார்க்க வேண்டும், அசலுக்குச் சிவப்பு, போலிக்குக் கறுப்பு என்று அவள் சொன்னதை, அவர் வேறு எதற்கோ மனதில் வைத்துக்கொண்டார்.

பங்குனி மூன்றாம் தேதி, சுப்பராயலு வீட்டு ஆடாதொடை வேலியில், எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நாலு கால் போல நீட்டி, தலைகீழாக உட்கார்ந்திருந்த ஒரு சிலந்தியைக் காட்டி, இது கையெழுத்துச் சிலந்தி என்றாள். வலையின் நடுவில் நெளிநெளியான நூலில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல் போட்டு, அதன்மேல் உட்காருவது அதன் வழக்கம், அதனால் அந்தப் பெயர் என்றும் சொன்னாள். சுப்பராயலுவின் மனைவி ரத்தினம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாரு கையெழுத்தும்மா போடும்?" என்று கேட்டாள். வினோதினி சிரித்துக்கொண்டே, "யாருதுன்னு அதுக்குத்தாங்க தெரியும்" என்றாள். சொன்னதோடு போய்விட்டாள். மறுநாள் காலையில் கொய்யா மரத்தில் லூர்துசாமி கையெழுத்து வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் நாற்பது வீட்டுக்கும் வந்தது. படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் கிறுக்கலாக வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்குத் தனித்தனி எழுத்தாக வந்தது. வேகமாகப் போட்டால் இரண்டு எழுத்தை விழுங்கிவிடும் ரேஷன் கடைக்காரருக்கு இரண்டு எழுத்து விழுங்கப்பட்டே வந்தது. தெரு முதலில் பயந்தது, பிறகு செல்போனை எடுத்தது. வலையின் படத்தையும் சம்மதக் கடிதத்தின் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. பண்ணைக்காரர் உட்கார்ந்த இடத்தில் நாற்பது பேருக்கும் கற்பனையில் போட்டிருக்கிறார் என்பது அப்படித்தான் தெரிந்தது. நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்த சந்தேகம் மொத்தமும் ஒரே வீட்டின்மேல் போய் விழுந்தது.

சுப்பராயலு வீட்டு வேலியில் மட்டும் கீறல்தான் இருந்தது. அவர் விடிந்ததும் யாரும் வருவதற்குள் துடைப்பக்கட்டையால் அதைக் கலைத்தார். ஏழரைக்கெல்லாம் சிலந்தி திரும்பவும் கீறல் போட்டது. பத்தொன்பது நாள் அவர் கலைத்தார், பத்தொன்பது நாள் அது போட்டது. பூச்சிக்கு ஏதோ மருந்தடித்து வாயைக் கட்டிவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். லூர்துசாமி தினமும் வேலிக்கு இந்தப்புறம் நின்று, கீறலைத் தேதியோடு படம் எடுத்துப் பத்திரப்படுத்தினார். விசாரணைக்கு உதவும் என்பது அவர் எண்ணம்.

உண்மை என்னவென்றால், சுப்பராயலுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிதம்பரத்தில் எட்டாவது வரை படித்ததாகக் கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை சொல்லிவிட்டார், சொன்னதிலிருந்து இறங்க வழி கிடைக்கவில்லை. நாற்பது வருஷம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லியே பேப்பரை அடுத்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எந்தக் காகிதம் வந்தாலும், உள்ளே போய் நிதானமாகப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போவார். உள்ளே ரத்தினம்மாள் போடுவாள். 'ளு' அவள் தப்பு. தன் பெயரில் பழகிய ளகரத்தின் சுழி அவளுக்குக் கைக்கு வாட்டமாக இருந்தது. தெருவில் அவர் மாதிரி நிதானமான மனிதர் இல்லை என்று பெயர் வாங்கியதே அந்தத் தாமதத்தால்தான். பாவம், செயலாளர் பதவியை வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு ஒரு காரணம் அகப்படவில்லை. இப்போது நான் போடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால், எனக்குப் போடவே தெரியாது என்று தெருவே கேட்கும்படி சொல்லியாக வேண்டும். அதைவிட நிலம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே அருவருத்துக்கொண்டு அன்று சாப்பிடவில்லை.

வினோதினிக்கும் நிம்மதி இல்லை. நாற்பது படங்களையும் துறையில் கொண்டுபோய்க் காட்டியபோது, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சபாபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்த ஆப்புலம்மா எடிட் பண்ண?" என்று கேட்டார். உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் சிலந்தி இனிஷியல் போடுவதில்லை என்றார். அவள் படங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பங்குனி இருபத்தாறில் மஞ்சக்குப்பத்தில் விசாரணை. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, வலைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, வேலிச் சிலந்தியா வீட்டுச் சிலந்தியா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, நாற்பதையும் மாதிரிக் கையெழுத்து என்று கோப்பில் சேர்த்தார். சம்மதக் கடிதத்தின் நாற்பதும் பொய் என்று எழுதினார். பிறகு திருவிழா நோட்டீசையும் முதல் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது மட்டும் ஒத்துப்போகுதே. எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். பேனாவும் வெள்ளைத்தாளும் சுப்பராயலுவின் முன்னால் வந்தன. ரத்தினம்மாள் வாயைத் திறந்தாள். சுப்பராயலு கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்கம்மா. ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லாம் எங்க ஊட்டுல போட்டதுதான். இது நோட்டீசப் பாத்து அடிச்சது."

நாற்பது பேர் நின்ற கூடத்தில் ரத்தினம்மாள் தாளை இழுத்து, அதிகாரி பார்க்கும்படி, சுப்பராயளு என்று எழுதிக் காட்டினாள். பண்ணைக்காரர்தான் முதலில் பேசினார். தெரியாது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பன்னிரண்டு வருஷம் செயலாளராக இருந்தவர் கைநாட்டு என்றால் யார் நம்புவார்கள், தெரிந்ததைத் தெரியும் என்று நிரூபிக்கலாம், தெரியாததை எப்படி நிரூபிப்பது என்றார். அதிகாரியும் அதே கேள்வியோடுதான் சுப்பராயலுவைப் பார்த்தார். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லூர்துசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சுப்பராயலுவுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த பத்தொன்பது படங்களையும் மேஜைமேல் பரப்பினார்.

"எங்க தெருவுல பூச்சி ஒருத்தனுக்கும் தப்பா போடலம்மா. எனக்குப் புள்ளிகூட வச்சிது. என் மச்சான் ஊட்டுல மட்டும் பத்தொம்போது நாளும் கீறல்தான் போட்டுச்சி. நான்தான் படிக்கத் தெரியாம நின்னுட்டன்."

மச்சான் என்ற சொல்லைக் கேட்டதும் சுப்பராயலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது, அவர் அதை மறைக்கவும் இல்லை. அதிகாரி பத்தொன்பது படங்களின் தேதியையும் சரிபார்த்தார். முதல் கையெழுத்தை யார் போட்டிருந்தாலும் நிலத்துக்குரியவர் போட்டதல்ல என்று எழுதி, வாய்க்காலுக்கு அனுமதி இல்லை என்று முடித்தார். வாக்குமூலத்தில் பெருவிரல் ரேகை வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். சுப்பராயலு வேண்டாம் என்று தலையசைத்து, பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நெளிநெளியாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அறுபத்து மூன்று வயதில் அதுதான் அவர் முதல் கையெழுத்து.

சித்திரை பிறந்ததும் நாற்பது வலைகளும் காற்றில் போயின, வெந்தய வாசனையும் நின்றது. அடுத்த பங்குனியிலும் அதற்கடுத்த பங்குனியிலும் சிலந்திகள் வந்து அவரவர் வீட்டில் அவரவர் கையெழுத்தைப் போட்டன. மாற்றிப் போட்ட புகார் எதுவும் இல்லை. பத்திரமோ மனுவோ கொடுக்கப் போகிறவர்கள் வேலியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. சுப்பராயலு துடைப்பக்கட்டையைத் தொடுவதில்லை, வலைக்குப் பக்கத்தில் குனிந்து ஒதுங்கிப் போகிறார், பின்னால் வரும் லூர்துசாமியையும் குனியச் சொல்கிறார். வினோதினியின் ஆய்வேட்டில் தோப்புத் தெருவுக்கு முப்பத்தாறு வகை வண்ணத்துப்பூச்சி உண்டு. கையெழுத்துச் சிலந்தி ஒன்றே ஒன்றுதான். புத்தகத்தில் உள்ளபடி போட்ட கீறலை மட்டும்தான் பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். படத்துக்குக் கீழே, கண்ட இடம் சுப்பராயலு வீட்டு வேலி என்று இருக்கிறது, 'லு' சரியாகவே போட்டிருக்கிறாள்.