வலது கைக்கு மாறிய நாடி

மருத்துவ உலகின் மேலான கவனத்துக்கு: பெண்களின் நாடி கடந்த மாதம் முதல் வலது கைக்கு மாற்றப்பட்டுவிட்டது. அதுவரை ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்றுதான் பார்த்துவந்தார்கள். இந்த மாற்றத்தைச் செய்தது எந்த ஆராய்ச்சியும் அல்ல. தலைமை வைத்தியர் எழுதிய நுழைவுத்தேர்வு வழிகாட்டியின் விடைப்பட்டியல்.

மரபு மருத்துவ மேற்படிப்புக்கு ஆயிரம் கேள்விகள், ஆயிரம் விடைகள். அட்டையில் அவர் படம். பின்னட்டையிலும் அவர் படம், கொஞ்சம் சிரித்தபடி. பெண்ணுக்கு எந்தக் கையில் நாடி பார்ப்பது என்ற அறுநூற்றுப் பன்னிரண்டாம் கேள்விக்கு விடை தவறாக அச்சாகியிருந்தது. கண்டுபிடித்தவர், அவரிடம் பதினோரு வருடமாக உதவி வைத்தியராக இருக்கும் நாற்பத்தொரு வயதுப் பெண். மூன்றாவது முறையாகத் தேர்வு எழுதப்போகிறவர். மூலிகைப் பட்டியல்களைக் குளியலறைக் கதவு வரைக்கும் ஒட்டிவைத்திருந்தார். "கதவத் தொறந்தா வாதம், மூடினா பித்தம். நான் எங்கம்மா குளிக்கிறது?" என்று மகள் கேட்டிருந்தாள்.

பிழையை அவர் மெல்லச் சுட்டிக்காட்டியபோது தலைமை வைத்தியர் ஆமாம் என்றிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "அதுல ஒரு சூட்சுமம் இருக்கும்மா" என்றார். சொன்ன வாயைக் காப்பாற்ற வேண்டுமே. மறுநாளிலிருந்து பெண் நோயாளிகளின் வலது கையைப் பிடிக்கத் தொடங்கினார். எந்தக் கையைப் பிடித்தாலும் எழுதிக்கொடுத்தது அதே சூரணம் என்பதால் யாருக்கும் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. வைத்தியசாலையில் கூட்டம் நெரிவதும் அன்றுதான். உதவி வைத்தியரின் விடுப்புக் கடிதம் மூன்று வாரமாகத் தலைமை வைத்தியரின் மேஜையில், மருந்தரைக்கும் குட்டிக் கல்வத்துக்கு அடியில் கிடந்தது. வழிகாட்டியிலிருந்து நூறு கேள்வி வைப்பேன், நூற்றுக்கு நூறு வாங்கினால் கையெழுத்து என்றார். உதவி வைத்தியர் தொண்ணூற்றொன்பது வாங்கினார். எது போனதென்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒன்றை மட்டும் மாற்றி எழுதச் சொல்லி, நோயாளிகள் பார்க்க விடைத்தாளைத் திருப்பி நீட்டினார். இங்கே ஒன்று எழுதிவிட்டு அங்கே போய்ச் சரியாக எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று கம்பவுண்டர் காதோரம் முணுமுணுத்தார். உதவி வைத்தியருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேனாவைத் திறந்தும் விட்டார்.

அதற்குள் அடுத்த நோயாளி, ஒரு தையல்காரி, வழக்கம்போல் இடது கையை நீட்டினாள். தலைமை வைத்தியர் அதை ஒதுக்கிவிட்டு வலது கையைப் பிடித்தார்.

"போன மாசம் வரைக்கும் இந்தக் கையிலதானே சார் இருந்துச்சு?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

"இது கத்திரி புடிக்கிற கை சார். எப்பவும் விண்விண்ணுன்னுதான் இருக்கும்."

பெஞ்சில் யாரோ இருமினார்கள், இருமல்போல் இல்லை. உதவி வைத்தியர் பேனாவை மூடினார். தையல்காரியின் இடது மணிக்கட்டை எடுத்து மூன்று விரல்களை வைத்தார். அவசரப்படாமல் பார்த்தார்.

"இடதுதான் சார். இவங்களுக்கும் இடது, எனக்கும் இடது."

"அப்போ லீவு கிடையாது."

"லீவு கேக்கல சார். ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்னு சொல்றேன்."

கல்வத்தைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, இத்தனை வருடமாக ஆடிக்கொண்டிருந்த நோயாளிகள் பெஞ்சின் காலுக்கு அடியில் செருகினார். பெஞ்சு நின்றது.

திங்கள் முதல் வர வேண்டாம் என்ற செய்தி சனிக்கிழமையே வந்துவிட்டது. ஞாயிறன்று தேர்வுக்கூட வாசலில் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள், மோதிரத்தை, தலை கிளிப்பை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கணினித் திரை வெளிச்சமாகும்வரை தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாடி ஓடியது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பட்டனைக் கொஞ்சம் அழுத்தியே அமுக்குவது என்று முடிவுசெய்திருந்தார். மொத்தம் நூற்றிருபது கேள்விகள். ஒவ்வொன்றாகக் கடந்து கடைசிக்கு வந்தார்.

அந்தக் கேள்வி வரவேயில்லை.